ராணித்தேனீ என்ன சாப்பிடுதுங்கிறது பாதிக் கேள்விதான்

ராயல் ஜெல்லி, அதாவது தேனீக்கள் ராணிக்கு ஊட்டுற வெள்ளைக் கூழ், அதைக் கேப்ஸ்யூலா விக்கிறவங்க சுத்திச் சுத்தி ஒரே கதையைத்தான் சொல்றாங்க. வேலைக்காரத் தேனீ ஒண்ணரை மாசத்துல செத்துப்போகுது, அதே கூட்டுல இருக்கிற ராணி 3 வருஷம் 4 வருஷம்னு வாழுது, ரெண்டுக்கும் ஜீன்ல வித்தியாசம் இல்ல, சாப்பாடு மட்டும்தான் வேற, அதனால நீங்களும் ராணி சாப்பிடுறதையே சாப்பிடுங்க. இதுல கடைசி வரியைத் தவிர மீதி ஏறக்குறைய உண்மைங்கிறதாலதான் அது இவ்ளோ நல்லா விலை போகுது. ஆனா தேனீ, எறும்பு, குளவி, கரையான்னு கூட்டமா வாழுற பூச்சிகளுக்குச் சாப்பாடு ஆயுசை எப்படிக் கூட்டுது குறைக்குதுன்னு கொஞ்சம் உள்ள போய்ப் பார்த்தா, ராணி என்ன சாப்பிடுதுங்கிறது பாதிக் கேள்விதான்னு புரியும். யார் தின்னுறா, யார் வயித்துல அது ஜீரணமாகுது, அப்புறம் யார் வாய்க்கு அது போய்ச் சேருதுங்கிறதுதான் மீதிப் பாதி, டப்பா மேல அதை யாரும் அச்சடிக்கிறதில்ல.

முதல்ல பொது விதியைப் பார்த்துடலாம். தனியா வாழுற உயிரினங்கள்ல பெரும்பாலும் குறைச்சு சாப்பிட்டாதான் ஆயுசு கெட்டி. 1935-ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல மெக்கேவும் அவர் கூட இருந்தவங்களும் எலிகளுக்குக் கலோரியைக் குறைச்சுக் கொடுத்துப் பார்த்தாங்க, சத்துக்குறைவு வராம பார்த்துக்கிட்டாங்க, அந்த எலிகள் அதிக நாள் இருந்துச்சு. பழ ஈயிலயும் இதே கதைதான், ஈஸ்ட், அதாவது புரதம், நிறைய போட்டா முட்டை மளமளன்னு போடும், சீக்கிரம் செத்துப்போகும், ஈஸ்ட்டைக் குறைச்சா முட்டை குறையும், ஆயுசு நீளும். ஒண்ணு வேணும்னா இன்னொண்ணை விடணும்.

ராணி இந்த விதிக்குள்ள அடங்கவே மாட்டேங்குது. இத்தாலியத் தேனீ ராணி நல்ல சீசன்ல ஒரு நாளைக்கு 1500 முட்டை, சில சமயம் அதுக்கு மேலயும் போடுது, கூட்டுலயே ஊட்டமா சாப்பிடுறதும் அதுதான், அதிக நாள் வாழுறதும் அதுதான். எறும்புல இன்னும் மோசம், அதாவது இன்னும் ஆச்சரியம். ஐரோப்பாவுல தோட்டத்துல சாதாரணமா திரியுற லேசியஸ் நைஜர்னு ஒரு கருப்பு எறும்பு, அதோட ராணி ஒண்ணு வளர்ப்புக் கூட்டுல 28 வருஷத்துக்கு மேல இருந்ததா பதிவு இருக்கு. 1997-ல லோரண்ட் கெல்லரும் மிஷெல் ஜெனூவும் நேச்சர் இதழ்ல ஒரு கணக்குப் போட்டாங்க, கூட்டமா வாழுற பூச்சிகளோட ராணிகள் தனியா வாழுற பூச்சிகளை விட சராசரியா 100 மடங்கு அதிகமா வாழுதுன்னு. அந்தக் கணக்குக்கு அவங்க சொன்ன காரணத்துல ஒண்ணு ரொம்ப எளிமையானது, ராணி வெளியவே போறதில்ல, பத்திரமான புத்துக்குள்ள கிடக்குது, பல்லி, சிலந்தி, மழைன்னு எதுலயும் மாட்டாது, அப்படிப்பட்ட உடம்பை நீண்ட நாள் ஓடுற மாதிரி செதுக்குறதுல பரிணாமத்துக்கு லாபம் இருக்கு. அது ஏன்ங்கிற கேள்விக்குப் பதில். எப்படிங்கிற கேள்விக்குத்தான் சாப்பாடு வருது.

தேனீயை எடுத்துக்குவோம். ராணியையும் வேலைக்காரியையும் பிரிக்கிறது பிறப்பு இல்லங்கிறது புது விஷயமே இல்ல, 1760-களில் ஜெர்மனியில சாக்சனிப் பகுதியில ஷிராக்னு ஒரு பாதிரியார், ராணி இல்லாத கூட்டுல சாதாரண வேலைக்காரப் புழுவையே தேனீக்கள் ராணியா வளர்த்தெடுக்குதுன்னு காட்டிட்டார். இன்னைக்கு ராணி உற்பத்தி பண்றவங்க எல்லாம் அதைத்தான் கையால செய்யறாங்க. முட்டை பொரிஞ்சு ஒரு நாள் கூட ஆகாத புழு, வெறுங்கண்ணுக்குச் சரியாத் தெரியாது, வளைஞ்சு ஒரு சொட்டு வெள்ளைக் கூழ்ல ஒருக்களிச்சு மிதந்துட்டு இருக்கும். மெல்லிய ஊசி மாதிரி ஒரு கருவியை அடியில விட்டு, அந்தக் கூழோட சேர்த்து அப்படியே தூக்கி, மெழுகுக் கிண்ணத்துல இறக்கணும், திருப்பிப் போட்டுடக் கூடாது, மேல் பக்கத்துல இருக்கிற மூச்சுத் துளை கூழ்ல முங்கிடுச்சுன்னா புழு காலி. அப்புறம் கிண்ணத்தைக் கவுத்து, ராணி இல்லாத, இளம் தேனீக்கள் நெரிசலா இருக்கிற பெட்டியில வெச்சுட்டா, அதுங்க வந்து கிண்ணத்தைக் கூழால ரொப்ப ஆரம்பிச்சுடும். 16 நாள்ல, முட்டை போட்ட நாள்ல இருந்து எண்ணினா, ராணி வெளிய வரும். அதே புழு தன்னோட பழைய அறையிலயே இருந்திருந்தா 21 நாள் கழிச்சு வேலைக்காரியா வந்திருக்கும். ராணிக்கு ஒவ்வொரு சூலகத்துலயும் முட்டைக் குழாய் 150-க்கு மேல, வேலைக்காரிக்கு ஏதோ பேருக்கு நாலஞ்சு. மூணு நாளுக்கு மேல ஆன புழுவை மாத்தினீங்கன்னா ரெண்டும் கெட்டானா, சின்ன ராணி ஒண்ணு வரும், அதனாலதான் ஒரு நாள் புழுதான் வேணும்னு அடம்பிடிக்கிறாங்க.

இங்கதான் விளம்பரக் கதை முதல் தடவை சறுக்குது. ராயல் ஜெல்லியை ராணிப் புழு மட்டும் சாப்பிடுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, உண்மையில எல்லாப் புழுவுக்கும் முதல் 3 நாள் செவிலித் தேனீக்களோட, அதாவது புழு வளர்க்கிற இளம் வேலைக்காரிகளோட, தலைச் சுரப்பியில இருந்து வர்ற கூழ்தான், அதுல சர்க்கரை அளவு, மத்த விஷயங்கள் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும் அவ்ளோதான். அதுக்கப்புறம் வேலைக்காரப் புழுவுக்குத் தேனும், தேனீ ரொட்டின்னு சொல்லுவாங்களே அந்த ஊறவெச்ச மகரந்தமும் கலந்து வர ஆரம்பிக்குது, ராணிப் புழுவுக்குக் கடைசி வரைக்கும் கூழ் மட்டும்தான், அதுவும் திங்கத் தீராத அளவுக்கு, மூடின ராணி அறையைப் பிரிச்சுப் பார்த்தா மிச்சக் கூழ் காஞ்சு கிடக்கும்.

அந்தக் கூழ்ல எது ராணியை உருவாக்குதுன்னு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. 2011-ல ஜப்பான்ல மசாகி கமகுரா, ராயல் ஜெல்லியை 40 டிகிரி சூட்டுல 30 நாள் வெச்சிருந்தா அதோட சக்தி போயிடுதுன்னு கவனிச்சு, எந்தப் பொருள் கெட்டுப்போகுதுன்னு தேடி, ராயலாக்டின்னு ஒரு புரதத்தைப் பிடிச்சார். அதைப் பழ ஈக்குக் கொடுத்தாக்கூட ஈ பெருசாகுது, முட்டை கூடுது, ஆயுசு கூடுதுன்னு நேச்சர்ல எழுதினதும் உலகமே தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு, கேப்ஸ்யூல் கம்பெனிகளுக்குச் சொல்லவே வேணாம். 2016-ல அதே நேச்சர்ல ஜெர்மனியைச் சேர்ந்த அன்யா புட்ஸ்டெட் குழு, அந்தப் புரதம் இல்லாமலே எங்களுக்கு ராணி வருதேன்னு மறுப்பு எழுதினாங்க, கமகுரா பதில் எழுதினார், விஷயம் இழுத்துட்டே போச்சு. 2018-ல புட்ஸ்டெட் குழு இன்னொண்ணு காட்டினாங்க, எனக்கு இந்த மொத்தக் கதையிலயே பிடிச்சது இதுதான். ராணி அறை அடையில நிலக்கடலை மாதிரி தலைகீழாத் தொங்கும், வாய் கீழ் நோக்கி இருக்கும், அப்போ கனமான புழு ஏன் கீழ விழல? கூழ் புளிப்பு, பிஎச் 4 சுமாருக்கு இருக்கும், அந்தப் புளிப்புல இதே புரதம் இன்னொரு சின்னப் புரதத்தோட சேர்ந்து நார் நாராப் பின்னிக்கிட்டு கூழைப் பிசுபிசுன்னு ஆக்குது, புழு அதுல ஒட்டிக்கிட்டு நிக்குது. புளிப்பை எடுத்துட்டா கூழ் இளகி, புழு தொப்புன்னு விழுந்துடுச்சு. மந்திர மருந்துன்னு கொண்டாடின புரதத்துக்கு இப்படி ஒரு பசை வேலையும் இருந்திருக்கு.

இதுக்கு நடுவுல கேள்வியையே திருப்பிப் போட்டவங்களும் இருக்காங்க. ராணிக்கு எது கிடைக்குதுன்னு ஏன் பார்க்கணும், வேலைக்காரிக்கு எது கிடைக்குது ராணிக்கு எது கிடைக்கலன்னு பாருங்கன்னு. 2015-ல இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல மே பெரன்பாம் குழு, மகரந்தத்துலயும் தேன்லயும் இருக்கிற பி-கூமாரிக் அமிலம்னு ஒரு தாவரப் பொருளை எடுத்துப் பரிசோதிச்சாங்க, அதைக் கலந்து வளர்த்த புழுவோட சூலகம் சின்னதாயிடுச்சு. அதாவது ராணிக்குத் தனியா அமிர்தம் கொடுத்து உசத்துறதுல பாதிதான் விஷயம், செடியோட நேரடித் தொடர்பே இல்லாம அதைக் காப்பாத்துறதுல மீதி இருக்கு. 2020-ல வடக்கு டகோட்டாவுல நடந்த ஆய்வு இன்னும் எளிமையா, சத்து விகிதத்தை மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்துட்டு, விகிதத்தை விட எவ்ளோ தின்னுதுங்கிற அளவுதான் ராணியைத் தீர்மானிக்குதுன்னு முடிவுக்கு வந்தாங்க. அளவுங்கிறது நம்ம ஊர்க் கொசுத்தேனீயில அப்பட்டமாவே தெரியும். அதுங்க ஊட்டி வளர்க்கிறதே இல்ல, அறையில சாப்பாட்டை மொத்தமா ஊத்தி, முட்டை போட்டு, மேல மூடிடும். ராணிக்குக் கட்டுற அறை பெருசு, அதுல சாப்பாடு நிறைய, கதை முடிஞ்சுது.

சாப்பாடு உடம்புக்குள்ள போய் எந்தச் சுவிட்சைத் தட்டுதுங்கிறதுக்கும் ஒரு தடயம் இருக்கு. 2008-ல கான்பெராவுல ரிஷார்ட் மலேஷ்கா குழு, டிஎன்ஏ மேல மீத்தைல் குறி வைக்கிற ஒரு என்சைமைப் புழுவுல அடக்கிட்டாங்க, கூழை ஒண்ணும் மாத்தல, ஆனாலும் பெரும்பாலான புழுக்கள் ராணி மாதிரி சூலகத்தோட வந்துச்சு. சாப்பாடு ஜீனை மாத்தல, எந்த ஜீன் வேலை செய்யணும்ங்கிறதை மாத்துது.

மனுஷங்களைப் பத்தி இங்கேயே சொல்லி முடிச்சுடறேன். ராயல் ஜெல்லியில பாதிக்கு மேல தண்ணி, மீதி புரதம், சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு. நம்ம வயித்துல அந்தப் புரதம் மத்த எந்தப் புரதத்தையும் போல உடைஞ்சு போகும். 2011-ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ராயல் ஜெல்லி பத்தின உடல்நல உரிமைகோரல்களைப் பார்த்துட்டு, சாப்பிடுறதுக்கும் அந்தப் பலனுக்கும் தொடர்பு நிரூபணமாகலன்னு சொல்லிடுச்சு. ஆஸ்துமா, அலர்ஜி இருக்கிறவங்களுக்கு இது கடுமையான மூச்சுத்திணறல் வரைக்கும் கொண்டு போன கேஸ்கள் 1990-களில் ஆஸ்திரேலியாவுல பதிவாகியிருக்கு. காசை மிச்சம் பண்ணுங்க.

சரி, ராணி வளர்ந்தாச்சு. அதுக்கப்புறமும் அது தானா போய்ச் சாப்பிடுறது அபூர்வம், சுத்தி நிக்கிற செவிலிகள் கூழை வாய்க்கு வாய் ஊட்டுதுங்க. அந்தக் கூழ் எங்க இருந்து வருது? 5-ல இருந்து 15 நாள் வயசு இருக்கிற தேனீக்கள் மகரந்தத்தைத் தின்னு, தன் வயித்துல ஜீரணம் பண்ணி, தலையில இருக்கிற சுரப்பி வழியா கூழா மாத்துது. மகரந்தத்தோட தோல் தடிப்பு, அதை உடைச்சு ஜீரணிக்கிற என்சைம் அந்த வயசுலதான் உச்சத்துல இருக்கும். வயசாகி வெளிய தேனெடுக்கப் போற தேனீக்கு அந்த என்சைம் குறைஞ்சுடும், அது மகரந்தத்தைக் காலில் சுமந்துட்டு வரும், தான் திங்கிறது பெரும்பாலும் தேன்தான், அதுக்குத் தேவையான கொஞ்சநஞ்சப் புரதத்தையும் இதே செவிலிகள்தான் கூழா ஊட்டுது. ஆக ஒரு பெட்டியில இருக்கிற புழு, ராணி, வெளிவேலைக்காரிகள்னு அத்தனை பேருக்கும் சமையலறை அந்தச் சில நாள் வயசுத் தேனீக்களோட உடம்புதான்.

இதுல வைட்டலோஜெனின்னு ஒரு புரதம் வருது. முட்டையோட மஞ்சள் கருவுக்கான சரக்கு இது, முட்டையே போடாத வேலைக்காரியோட ரத்தத்துலயும் ஓடுது, ஏன்னா அது இதைத்தான் கூழ் தயாரிக்கப் பயன்படுத்துது. நார்வே, அரிசோனான்னு ரெண்டு இடத்துலயும் வேலை பார்த்த க்ரோ ஆம்தாம் குழு, வைட்டலோஜெனின் உடம்பை ஆக்சிஜன் பண்ற சேதாரத்துல இருந்து காப்பாத்துதுன்னு 2006-ல காட்டினாங்க. அது நிறைய இருக்கிற வரைக்கும் தேனீ வீட்டுக்குள்ள இருக்கும், குறைஞ்சா ஜுவனைல் ஹார்மோன்னு பூச்சிகளுக்கே உரிய ஒரு ஹார்மோன் ஏறும், தேனீ வெளிய கிளம்பும், வெளிய கிளம்பிட்டா அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம்தான். ராணிக்கு இந்தச் சரக்கு எப்பவுமே ததும்பிட்டு இருக்கும்.

குளிர் நாட்டுத் தேனீயில இது ரொம்ப அழகாப் புலப்படும். கோடையில பிறந்த வேலைக்காரி 5, 6 வாரத்துல போயிடும், இலையுதிர் காலக் கடைசியில பிறந்தது 6 மாசம் வரைக்கும் பனியைத் தாண்டி வாழும். ரெண்டும் வேலைக்காரிதான், ரெண்டும் புழுவுல ஒரே சாப்பாடுதான். வித்தியாசம் என்னன்னா, பின்னால பிறந்ததுக்கு மகரந்தம் சாப்பிடக் கிடைக்குது, ஆனா ஊட்டுறதுக்குப் புழு இல்ல, ராணி முட்டை போடுறதைக் குறைச்சுடுது, அதனால தின்ன புரதம் உடம்புலயே தங்கிக் கொழுப்புத் திசுவுல சேர்ந்துடுது. சுவிட்சர்லாந்துல ஆன்னா மவுரிட்சியோ 1950-லயே இதைச் செஞ்சு பார்த்துட்டாங்க, மகரந்தம் கொடுத்து, புழு வளர்க்கிற வேலையைக் கொடுக்காம விட்டா கோடைத் தேனீயோட ஆயுசும் நீளுதுன்னு. ராயல் ஜெல்லி ஒரு சொட்டு வேண்டியதில்ல, ஊட்டுற பொறுப்பு இல்லாம இருந்தாப் போதும். வீட்டுல சமைக்கிறவங்களுக்கு இது புதுசாத் தெரியாது.

அப்போ புரதம் நிறைய தின்னா நல்லதான்னு கேட்டா, அதுவும் இல்ல. 2014-ல நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வுல, இளம் தேனீக்கள் தானா தேர்ந்தெடுத்துச் சாப்பிட்ட கணக்கு புரதத்தோட மூலப்பொருளான அமினோ அமிலம் 1 பங்குக்கு சர்க்கரை 50 பங்கு, வெளிவேலைக்குப் போறதுங்க 1-க்கு 250. அதுக்கு மேல அமினோ அமிலத்தைத் திணிச்சப்போ சீக்கிரம் செத்துப்போச்சு. எறும்புலயும் இதேதான், 2012-ல தூலூஸ் நகரத்து ஓட்ரி டுசுதூரும் சிட்னியோட ஸ்டீபன் சிம்சனும் எழுதின கட்டுரையோட தலைப்பே விஷயத்தைச் சொல்லிடும், அதிகப் புரதம் கொடுத்தா வேலைக்கார எறும்பு இளசுலயே சாகுது, கூட்டம் சரிஞ்சுடுதுன்னு. அவங்களே 2009-ல ஆஸ்திரேலியப் பச்சைத்தலை எறும்பை வெச்சுப் பண்ணினது இன்னும் சுவாரசியம். புரதம் மிஞ்சிப்போன சாப்பாட்டைக் கொடுத்தா எறும்புகள் அதை எடுத்துட்டுப் போய், சர்க்கரையை மட்டும் உறிஞ்சிட்டு, புரதச் சக்கையை உருட்டி வெளிய கொட்டுதுங்க. கூட்டுல புழு இருந்தா சாவு குறையுது. ஏன்னா பெரும்பாலான எறும்புகள்ல வளர்ந்த எறும்பு திடப்பொருளை விழுங்கவே முடியாது, இடுப்பு அவ்ளோ குறுகல், நீராகாரம் மட்டும்தான் இறங்கும். இறைச்சித் துண்டைப் புழுகிட்டதான் கொண்டு போய் வைக்கும், புழு அதைக் கரைச்சு ஜீரணம் பண்ணும், அதுல இருந்து பெரியவங்களுக்குத் திரும்பி வரும். கூட்டத்தோட வயிறு தொட்டில்ல கிடக்குது.

இந்த ஏற்பாட்டை எல்லை வரைக்கும் கொண்டு போனது டிராகுலா எறும்புன்னு செல்லப் பேர் வெச்ச கூட்டம். ஜப்பான்ல இருக்கிற ஒரு வகையில ராணி தன் சொந்தப் புழுவோட தோலைக் கடிச்சு ரத்தத்தைக் குடிக்குது, புழு சாகுறதில்ல, தழும்போட வளர்ந்து பெருசாயிடுது. ராணிக்கு அதுதான் முக்கிய ஆகாரம், முட்டை அதுல இருந்துதான் வருது. கேக்கக் கொடூரமா இருந்தாலும் கணக்கு அதேதான், ஜீரணம் ஒருத்தர், பிள்ளைப்பேறு இன்னொருத்தர்.

நேர் எதிர்ப் பக்கமும் இருக்கு. நிறைய எறும்பு வகையில புது ராணி கல்யாணப் பறத்தல் முடிஞ்சதும் இறக்கையை உதிர்த்துட்டு மண்ணுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கும், முதல் பிள்ளைகள் வளர்ந்து வெளிய போய் இரை தேடுற வரைக்கும் வாரக்கணக்குல ஒரு பருக்கை உள்ள போகாது. இனிமே பறக்கப் போறதில்லங்கிறதால இறக்கைத் தசையைக் கரைச்சுதான் புழுவுக்கு ஊட்டும். அதனாலதான் முதல் பேட்ச் வேலைக்காரிகள் எல்லாம் குட்டி குட்டியா இருக்கும்.

இப்போ நம்ம பக்கத்து எறும்பு ஒண்ணு. தென்னிந்தியாவுல, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம், ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர்னு பெரிய கண்ணும் நீளத் தாடையுமா ஒரு குதிக்கும் எறும்பு இருக்கு, இரையைப் பாய்ஞ்சு பிடிக்கும். கர்நாடகாவுல ஜோக் அருவிப் பகுதியில ஆராய்ச்சியாளர்கள் இதைத் தோண்டித் தோண்டிப் படிச்சாங்க, இன்னைக்கு அமெரிக்க லேப்கள்ல செல்லப்பிள்ளை. இதுல ராணி செத்தா வேலைக்காரிகள் கொம்பால கொம்பைத் தட்டிச் சண்டை போடும், வாரக்கணக்குல நடக்கும், ஜெயிக்கிற சில பேர் முட்டை போடுற பதவிக்கு வருவாங்க. புழுப் பருவம் எப்பவோ முடிஞ்சு போச்சு, ராயல் ஜெல்லி பேச்சுக்கே இடமில்ல. ஆனா 7 மாசம் வாழ வேண்டிய எறும்பு 4 வருஷம் வரைக்கும் வாழுது. மூளை சுமார் கால்வாசி சுருங்குது, சூலகம் பெருக்குது. திரும்ப வேலைக்காரியா இறக்கிவிட்டா மூளை பழையபடி வளருது, கூடுதல் ஆயுசும் போயிடுது.

பதவிக்கு வந்த எறும்பு அதிகமா சாப்பிடுது, இன்சுலின் கூடுது. இங்கதான் முரண்டு, 1993-ல சிந்தியா கென்யன் ஒரு சின்ன உருளைப்புழுவுல இன்சுலின் பாதையைக் குறைச்சு ஆயுசை ரெட்டிப்பாக்கினதுல இருந்து இன்சுலின் கூடினா ஆயுசு குறையும்ங்கிறது பாடப்புத்தக விதி மாதிரி ஆயிடுச்சு. 2022-ல சயன்ஸ் இதழ்ல ஹுவா யான், க்ளாட் டெஸ்ப்ளான், டேனி ரெய்ன்பெர்க் குழு இந்த முடிச்சை அவிழ்த்தாங்க. இன்சுலின் போற பாதை ரெண்டா பிரியுது, ஒண்ணு முட்டை வளர்க்கிற பக்கம், இன்னொண்ணு வயசாக்குற பக்கம். முட்டையோட வளர்ற சூலகமே இம்ப்-எல்2ன்னு ஒரு புரதத்தைச் சுரக்குது, அது கொழுப்புத் திசுவுல ரெண்டாவது பாதையை மட்டும் மறிச்சுடுது. அதாவது ஊட்டத்தோட பலனைச் சூலகம் எடுத்துக்குது, அதோட விலையை உடம்பு கட்டாம தப்பிச்சுக்குது. முட்டை போடுறதாலேயே ஆயுசு நீளுதுன்னு சொல்ற அளவுக்குத் தலைகீழ்.

ஊட்டுறவங்க பக்கம் என்ன ஆகுதுன்னு காட்டுறதுக்கு ஜெர்மனியில ஒரு விசித்திர உதாரணம் இருக்கு. டெம்னோதோராக்ஸ்னு ஓக் மரத்தோட ஏகோர்ன் கொட்டைக்குள்ள குடித்தனம் நடத்துற துக்கடா எறும்பு. மரங்கொத்தி எச்சத்துல இருந்து ஒரு நாடாப்புழு முட்டை இதோட வயித்துக்குள்ள போயிடும். நாடாப்புழு வந்த எறும்பு மஞ்சளாயிடும், வேலை செய்யாது, கூட்டை விட்டு வெளிய வராது, மத்தவங்க அதை நக்கிச் சுத்தம் பண்ணி, ஊட்டி, தூக்கிச் சுமப்பாங்க. மைன்ஸ் பல்கலைக்கழகத்துல சூசன் ஃபாய்ட்சிக் குழு 3 வருஷம் கவனிச்சு 2021-ல வெளியிட்டாங்க, சாதாரண வேலைக்காரிகள் எல்லாம் அதுக்குள்ள செத்தாச்சு, நோயாளி எறும்புகள்ல பாதிக்கு மேல உயிரோட இருந்துச்சு, ராணிக்குச் சமமான ஆயுசு. மரங்கொத்தி வந்து கொட்டையைக் கொத்துற வரைக்கும் எறும்பு உயிரோட இருக்கிறது நாடாப்புழுவுக்கு லாபம். ஊட்டி ஊட்டிக் களைச்ச மத்த எறும்புகளுக்குத்தான் நஷ்டம், நோயில்லாத கூட்டத்து எறும்பை விட அதுங்க சீக்கிரம் செத்துச்சு. அந்த நீண்ட ஆயுசுக்கான பில் கூடவே இருந்தவங்க பேர்லதான் போயிருக்கு.

கரையான்ல பங்கு ராணிக்கு மட்டும் இல்ல, ராஜாவுக்கும் உண்டு. பெரிய புத்து கட்டுற மேக்ரோடெர்மஸ் வகையில ராஜாவும் ராணியும் 20 வருஷம் வரைக்கும் ஒரே அறையில கிடக்குதுங்க, வேலைக்காரக் கரையான்கள் காளான் தோட்டம் போட்டு, அதைத் தின்னு, வாயால ஊட்டுது. 2018-ல ஜூடித் கோர்ப் குழு பார்த்தது என்னன்னா, வயசான வேலைக்காரக் கரையான் தலையில ஜீனோம்ல தாவித் திரியுற டிஎன்ஏ துண்டுகள் கட்டவிழ்ந்து ஆட்டம் போடுது, எத்தனை வருஷம் ஆனாலும் ராஜா ராணிகிட்ட அது அடங்கியே இருக்கு.

குளவியில இவ்ளோ துல்லியமான கோடு இல்ல, அதனாலயே அது முக்கியம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல ராகவேந்திர கடக்கர் பல வருஷம் படிச்ச ரொபாலிடியா மார்ஜினேட்டா, நம்ம வீட்டு ஜன்னல் மேல காகிதக்கூடு கட்டுற சாதி, ராணிக்கும் வேலைக்காரிக்கும் பார்க்க வித்தியாசமே தெரியாது. பிறந்த ஒவ்வொரு பெண் குளவியையும் தனியா டப்பாவுல வெச்சு, வேண்டிய அளவு சாப்பாடு கொடுத்து, போட்டியே இல்லாம விட்டுப் பார்த்தாங்க. ஏறக்குறைய பாதிதான் முட்டை போட்டுச்சு, மீதி போடாமலே செத்துச்சு. புழுவா இருந்தப்போ நல்லா ஊட்டப்பட்டது எதுவோ அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு அடுத்த கட்டத்துல தெரிஞ்சுது. தொட்டில்ல கிடைச்ச சோறு பாதி முடிவைப் பண்ணிடுது, மீதியைக் கூட்டு அரசியல் பார்த்துக்குது.

இதெல்லாம் தெரிஞ்சு யாருக்கு என்ன உபயோகம்னு கேட்டா, கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டம் சுத்துவட்டாரத்துல தேனீப் பெட்டி வெச்சிருக்கிறவங்களைப் பாருங்க. அங்க தேன் வர்றது ரப்பர் மரத்துல, பூவுல இருந்து கூட இல்ல, வருஷ ஆரம்பத்துல தளிர் விடுறப்போ இலைக்காம்புல இருக்கிற சுரப்பியில இருந்து. இனிப்பு கொட்டும், ஆனா அந்தச் சுரப்பியில மகரந்தம் கிடையாது. தளிர் முத்தினதும் அந்த இனிப்பும் நின்னுடும், ஜூன்ல மழை பிடிச்சதும் சர்க்கரைப் பாகு வெச்சு ஓட்டணும். பாகு வளர்ந்த தேனீயை உயிரோட வெச்சிருக்கும், அவ்ளோதான் அதால முடியும். மகரந்தம் இல்லாத பெட்டியில செவிலிகள் கொஞ்ச நாள் தன் உடம்புப் புரதத்தைக் கரைச்சுக் கூழ் சுரக்கும், அதுவும் தீர்ந்தா இளம் புழுக்களைத் தின்னு அந்தப் புரதத்தைத் திரும்ப எடுத்துக்கும், அடை காலியா இருக்கிறதைப் பார்த்துட்டு ராணிக்கு வயசாயிடுச்சு மாத்தணும்னு அவசரப்பட்டா பிரச்சனை அப்படியேதான் இருக்கும். சோயா மாவு, ஈஸ்ட், பால் பவுடரைத் தேன்லயோ பாகுலயோ பிசைஞ்சு சட்டத்துக்கு மேல வைக்கிற மாற்று உணவு அந்த நேரத்துக்குத்தான். அந்த உருண்டையை ராணி தொடாது, வயசான தேனீயும் சட்டை பண்ணாது, பொரிஞ்சு வந்து சில நாளே ஆன செவிலிகள்தான் தின்னும், முட்டை எண்ணிக்கை ஏறுறதை மட்டும் ராணிகிட்டப் பார்க்கலாம்.